பத்துப் புள்ளி எட்டு

திருவண்ணாமலை,
11.6.2023

அன்புள்ள மாமாவுக்குப் பாஞ்சாலை எழுதுவது.

நானும் அபிநயாவும் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? மருந்து கொடுக்கிறார்களா? போன வாரம் மனு போட்டுப் பார்க்க வந்தபோது கம்பிவலைக்கு இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர். எல்லாரும் கத்துகிற சத்தத்தில் நீங்கள் சொன்னது ஒன்றும் என் காதில் விழவில்லை. நான் சொன்னதும் உங்களுக்கு எட்டியிருக்காது. அதனால்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இனி மாதம் ஒன்று எழுதுகிறேன்.

ரமணாசிரமத்துப் பக்கம் கெஸ்ட்ஹவுஸ் சமையல் வேலை பழகிவிட்டது. காலையில் பொங்கல், தோசை. சாயந்திரம் வெள்ளைக்காரர்களுக்குச் சூப்பும் ரொட்டியும். பின்கட்டில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். அபிநயாவை இங்கேயே பதினொன்றாவதில் சேர்த்துவிட்டேன். ஊரில் இருந்தால், “உங்கப்பன் எப்பம்மா ஜெயில்லேர்ந்து வருவான்?” என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லியே அவளுக்குப் பொழுது போய்விடும்.

கீழ்பென்னாத்தூர் நிலம் ஒன்றரை ஏக்கரும் சும்மா கிடக்கிறது. பிளாட் போடுகிறவர் மறுபடியும் ஆள் அனுப்பினார். உங்கள் தம்பி சுரேஷ்குமாரும், “வித்துடலாம் அண்ணி. மூணு போகமா பாதி நெல்லுகூட வரல. அந்த மண்ணு செத்துப்போச்சு” என்கிறார். எனக்குச் சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

இந்தச் சம்பா ஒன்றை நானே பயிர் வைத்துப் பார்க்கிறேன். இதுவும் போனால் தை மாதம் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம். நடுவதற்கு முன்னால் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் சம்மதம் வேண்டும்.

சாப்பாட்டை வேண்டாம் என்று ஒதுக்காதீர்கள்.

பாஞ்சாலை

*

வேலூர்,
24.6.2023

பாஞ்சாலைக்குத் திருமலை எழுதுவது.

இருமல் நின்றுவிட்டது. என்னைத் தோட்ட வேலையில் போட்டிருக்கிறார்கள். கத்தரிக்குக் களை எடுக்கிறேன். அபிநயா படிக்கிறாளா? நீ வேளைக்குச் சாப்பிடு. ஊருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு நீ பழையதைத் தின்று படுத்துக்கொள்வாய் என்று தெரியும்.

மண் செத்துப்போகவில்லை. அதற்குப் பரிசோதனையும் வேண்டியதில்லை. நட்ட மூன்றாவது வாரம் அடி இலையில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளி விழுந்து பயிர் குத்துக்கல்லாக நின்றுபோகிறதே, அது எதனால் என்று எனக்குத் தெரியும். சின்னசாமியின் மேட்டு வயலிலிருந்து வடிகிற தண்ணீர். அவன் எதையோ கலந்து விடுகிறான். நான் அவன் காலை உடைத்தது சும்மா இல்லை. ஜட்ஜுக்கு அது புரியவில்லை, பதினெட்டு மாதம் போட்டுவிட்டார்.

நட வேண்டும் என்றால் நடு. அந்தப் பக்கத்து மடையை அடைத்துவிடு. எப்போதும் போல ஏக்கருக்கு இரண்டு மூட்டை டிஏபி உரம் போடு. பயிர் வாடினால் இன்னொரு மூட்டை. சின்னசாமி வீட்டு வாசல் பக்கம் போகாதே.

இங்கே வருகிற கடிதத்தை ஆபீசில் ஒரு சார் படித்துவிட்டுத்தான் எங்களிடம் கொடுக்கிறார். வீட்டு விஷயத்தைப் பார்த்து எழுது.

திருமலை

*

திருவண்ணாமலை,
16.7.2023

அன்புள்ள மாமாவுக்கு,

இருமல் நின்றது கேட்டு நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம், பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மண் பையை மடியில் வைத்துக்கொண்டு நின்றபடியே வந்தேன்.

ஆமாம், மண் எடுத்துவிட்டேன். கோபப்படாதீர்கள். வரப்போரம், எருக்குழி இருந்த இடம், இதையெல்லாம் விட்டுவிட்டு வயலுக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பதினைந்து இடம். முக்கால் சாண் ஆழத்துக்கு வெட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, நாலாகப் பிரித்துப் பிரித்துக் கடைசியில் அரைக் கிலோ. டவுனில் புதிதாக ஒரு பரிசோதனைக் கூடம் திறந்திருக்கிறார்கள், அங்கே கொடுத்தேன்.

மண்வள அட்டை வந்துவிட்டது. மணிச்சத்து 10.8 என்று இருக்கிறது. டிஏபியில் இருக்கிறதே, அந்தச் சத்து. உரக்கடைக்காரரிடம் காட்டினேன். சுவரில் மாட்டியிருக்கிற சார்ட்டைக் காட்டினார். பதினொன்றுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று அதில் போட்டிருக்கிறது. “பாத்தியாம்மா, கம்மி. ரெண்டு பத்தாது, மூணு மூட்டையா போடு” என்றார்.

வீட்டுக்கு வந்து அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு சந்தேகம். பதினைந்து வருஷமாகப் போகத்துக்குப் போகம் நீங்கள் போட்டீர்களே, அதெல்லாம் எங்கே போயிற்று?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அபிநயா உங்களை விசாரித்தாள்.

பாஞ்சாலை

*

வேலூர்,
29.7.2023

பாஞ்சாலைக்கு,

நலம். நான் சொன்னதைத்தான் அட்டையும் சொல்கிறது. அதற்கு எதற்கு இவ்வளவு அலைச்சல்? மூன்று மூட்டை போடு. போட்டது எங்கே போயிற்று என்றா கேட்கிறாய், மழையில் போயிருக்கும். சின்னசாமியின் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்கும்.

பதினைந்து இடம் வெட்டியது யார்? உனக்கு மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை. ஆள் வைத்தாயா? யார் அது?

அபிநயாவிடம் நன்றாகப் படிக்கச் சொல்.

திருமலை

*

திருவண்ணாமலை,
20.8.2023

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லாரும் நலம். அபிநயா மாதப் பரீட்சையில் வேதியியலில் முதல். நாற்று விட்டாயிற்று, பச்சென்று வந்திருக்கிறது.

நிதானமாகப் படியுங்கள். நான் இங்கே சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரம்மா கேக் செய்யச் சொல்லி அளவு எழுதிக் கொடுத்தார். அவர் பாலை அவுன்ஸில் எழுதியதை நான் மில்லி என்று நினைத்துச் செய்து, கேக் கல்லு மாதிரி வந்தது. அன்றையிலிருந்து எண்ணைப் பார்த்தால் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பேன். அட்டையில் 10.8க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘மி.கி.’ என்று இருந்தது. கடையின் சார்ட்டில் ‘கிலோ’ என்று பார்த்த ஞாபகம். மறுநாள் கடைக்குப் போய் மறுபடி பார்த்தேன். கிலோதான்.

நேராகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். அங்கே சந்திரகலா என்று ஒரு அம்மா வேலை செய்கிறார். அட்டையை நீட்டி, “இது எந்தக் கணக்குங்க?” என்றேன்.

“ஒரு கிலோ மண்ணுல இத்தனை மில்லிகிராம்னு கணக்குங்க. கடைச் சார்ட்டு எக்டேருக்கு எத்தனை கிலோன்னு இருக்கும். அதோட ஒத்துப் பாக்கணும்னா இதை ரெண்டேகாலால பெருக்குங்க.”

அங்கேயே அட்டையின் பின்பக்கம் பெருக்கினேன். இருபத்து நாலு வந்தது.

“பதினொண்ணுக்குக் கீழ இருந்தா கம்மி. இருபத்திரண்டுக்கு மேல போனா ஜாஸ்தி. உங்களுது ஜாஸ்திங்க” என்றார்.

மாமா, ஒரே எண். ஒரு கணக்கில் பார்த்தால் வயல் பட்டினி கிடக்கிறது. இன்னொரு கணக்கில் பார்த்தால் வயிறு புடைக்கத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

“நாங்க போட்டதெல்லாம் எங்கேயும் போகலியா?” என்று கேட்டேன்.

“யூரியான்னா தண்ணியோட போயிடும். மணிச்சத்து போட்ட எடத்துலயே ஒட்டிக்கும். உங்க மண்ணுல சுண்ணாம்பும் இருக்குது. வருஷா வருஷம் சேந்துக்கினே வந்திருக்குது. இப்ப இதைப் பாருங்க. துத்தநாகம். ஜிங்க்னு சொல்லுவாங்களே, அது 1.2 இருக்கணும். உங்களுக்கு 0.4தான் இருக்குது. ஏற்கெனவே கம்மி. இதுல மணிச்சத்தை மேல மேல கொட்டினா, இருக்கிற துத்தநாகத்தைக்கூடப் பயிரால எடுக்க முடியாது. நட்ட மூணாவது வாரம் அடி இலையில துரு மாதிரிப் புள்ளி வருமே?”

புள்ளியைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சொன்ன வைத்தியம் இதுதான். இந்தப் போகம் டிஏபி ஒரு பிடிகூட வேண்டாம். நடுவதற்கு முன்னால் ஏக்கருக்குப் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட்டை இருபது கிலோ மணலில் கலந்து தூவ வேண்டும். நான் அப்படித்தான் செய்யப் போகிறேன்.

இன்னொரு கேள்வியும் கேட்டேன். அதற்கும் பதில் சொன்னார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

வேளைக்குத் தூங்குங்கள்.

பாஞ்சாலை

*

வேலூர்,
3.9.2023

பாஞ்சாலைக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நன்றாக இல்லை. உன் கடிதம் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

பதினைந்து வருஷம் நான் செய்த விவசாயம் தப்பு என்று ஒரு அட்டையைப் பார்த்துச் சொல்லிவிட்டாய். டிஏபி இல்லாமல் சம்பா நட்டதாக நம் ஊரில் யாராவது உண்டா? பயிர் பொய்த்தால் நிலம் போய்விடும். நான் வெளியே வந்து எங்கே நிற்பது?

இரண்டு கேள்வி கேட்கிறேன். மழுப்பாமல் பதில் எழுது. நீ காலையும் மாலையும் சமையலில் இருக்கிறாய். அங்கே தினமும் தண்ணீர் பாய்ச்சுவது யார்? அந்தப் பரிசோதனைக்காரம்மாவிடம் நீ கேட்ட இன்னொரு கேள்வி என்ன?

திருமலை

*

திருவண்ணாமலை,
8.10.2023

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். இந்தக் கடிதத்தை எழுத ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். பயிர் தேறட்டும், அப்புறம் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன்.

செப்டம்பர் 14ஆம் தேதி நட்டோம். இருபதாம் நாள் நான் வயலுக்குப் போனபோது வடகிழக்கு மூலையில் நாலு பாய் விரிக்கிற அளவு இடத்தில் அடி இலையில் புள்ளி. சுரேஷ்குமார் அன்றைக்கு வந்திருந்தார். “அண்ணி, நான் சொன்னா கேளுங்க. கடையில சொல்லி ஒரு மூட்டை எறக்கிடறேன்” என்றார். வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். சந்திரகலாவுக்குப் போன் செய்தேன். “தூவினது அந்த மூலையில சரியா விழுந்திருக்காதுங்க. பத்து லிட்டர் டேங்குக்கு அம்பது கிராம் ஜிங்க் சல்பேட்டு, நூறு கிராம் யூரியா கலந்து அடிங்க” என்றார். அன்றைக்கே அடித்தோம்.

நேற்று போனேன். புதிதாக வந்த இலையில் புள்ளி இல்லை. மற்ற இடமெல்லாம் தூர் கட்டி, நடந்தால் காலை மறிக்கிறது. மூன்று வருஷமாக இந்தப் பச்சையை நம் வயலில் நான் பார்க்கவில்லை.

உங்கள் இரண்டு கேள்விக்கும் வருகிறேன்.

ஜூலை மாதமே சின்னசாமி அண்ணன் வீட்டுக்குப் போனேன். வேண்டாம் என்று நீங்கள் எழுதியும் போனேன். அவர் வயலிலிருந்து வடிகிற தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுக்க வேண்டும் என்று கேட்கப் போனேன். அவர் சம்சாரம் தங்கம்மாள் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. அவர் கோலை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். சொன்னேன். “எடுத்துக்கினு போ. என் மண்ணையும் சேத்துக் கொண்டுபோயி இன்னான்னு பாரு. எனக்கும் மூணு போகமா அதே புள்ளிதான்” என்றார்.

நான் சந்திரகலாவிடம் கேட்ட இன்னொரு கேள்வி, இந்தப் புள்ளி பக்கத்து வயல் தண்ணீரால் வருமா என்பது. பாட்டிலில் கொண்டுபோன தண்ணீரையும் நம் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்துவிட்டுச் சொன்னார். “வராதுங்க. உங்க கெணத்துத் தண்ணியும் இதுவும் ஒண்ணுதான். இதுல ஒரு குத்தமும் இல்ல.”

மாமா, அவர் எதையும் கலக்கவில்லை. நம் பயிரைக் கெடுத்தது நாம் போட்ட மூட்டைகள். அவர் மண்ணின் அட்டையிலும் இதே கதைதான், அவர் போட்ட மூட்டைகள்.

பதினைந்து இடம் வெட்டிக் கொடுத்தது அவர்தான். தண்ணீர் பாய்ச்சுவதும் அவர்தான். நான் கேட்கவில்லை. ஒரு நாள் போனபோது நம் வயலுக்கும் தண்ணீர் பாய்ந்திருந்தது. அவ்வளவுதான்.

ஆகஸ்டிலேயே இதை எழுதியிருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்துகொண்டு இதைப் படித்தால் உங்களுக்கு என்ன ஆகுமோ என்று பயந்தேன். பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

பாஞ்சாலை

*

திருவண்ணாமலை,
12.11.2023

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. மனு போட்டு வந்தேன். பார்க்க விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பினீர்கள். சரி.

தீபத்துக்கு இன்னும் இரண்டு வாரம். கெஸ்ட்ஹவுஸில் வராந்தாவில்கூட ஆள் படுத்திருக்கிறார்கள். கதிர் வெளியே வந்துவிட்டது. அபிநயா நலம். நானும்.

பாஞ்சாலை

*

வேலூர்,
17.12.2023

பாஞ்சாலைக்குத் திருமலை எழுதுவது.

உயிரோடு இருக்கிறேன். நீயும் பிள்ளையும் நலமா?

எழுத உட்கார்ந்தேன். நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். உன்னை வரவேண்டாம் என்று திருப்பி அனுப்பியது கோபத்தால் இல்லை. உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடிதம் படிக்கிற சார் போன வாரம் தோட்டத்துக்கே வந்துவிட்டார். “யோவ் திருமலை, ஒன் சம்சாரத்துக்கு ஏன்யா பதில் எழுதல? பயிரு இன்னாச்சுன்னு எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது” என்றார். அவருக்கு ஆற்காடு பக்கம் நிலம் இருக்கிறதாம். உன் கடிதத்தைப் பார்த்து ஜிங்க் சல்பேட் அளவைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். “மண்ணைப் பாக்காம போடாதீங்க சார்” என்று நான் சொன்னேன். அதைச் சொன்னபோதுதான், நான் எதை நம்ப ஆரம்பித்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். கோர்ட்டில் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு அவன் மடையில் குனிந்திருந்தான். நான் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, காம்பை ஓங்கினேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு, “டேய் திருமலை, என் வயல்லயும் புள்ளி இருக்குதுடா, வந்து பாரு” என்றான். அது என் காதில் தெளிவாக விழுந்தது. பத்தடி நடந்து போய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை, அடித்தேன். கேஸ் நடந்த காலத்தையும் சேர்த்து மூன்று வருஷமாக அந்த வார்த்தையைக் கேட்காத மாதிரியே இருந்துவிட்டேன். உன் அட்டை வந்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

இந்தத் தாளை அவனிடம் படித்துக் காட்டு. தங்கம்மாளும் கேட்கட்டும். சின்னசாமி, தப்பு என்னுடையது. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

பாஞ்சாலை, நீ செய்தது சரி. எல்லாமே சரி.

திருமலை

*

திருவண்ணாமலை,
4.2.2024

என் மாமாவுக்குப் பாஞ்சாலை சந்தோஷமாக எழுதுவது.

நாங்கள் எல்லாரும் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள், இதைப் படித்ததும் இன்னும் நன்றாக ஆகிவிடுவீர்கள்.

நாற்பத்தொன்பது மூட்டை! போன முறை அதே ஒன்றரை ஏக்கரில் இருபத்திரண்டு. நான் கனவு காணவில்லை. சுரேஷ்குமார் இரண்டு முறை எண்ணினார். எண்ணி முடித்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிளாட் போடுகிறவருக்கு அங்கேயே நின்று போன் போட்டார். “நெலம் குடுக்கறதா இல்லீங்க. இனிமே ஆள் அனுப்பாதீங்க” என்றார். நான் சொல்லச் சொல்லவில்லை, அவராகவே சொன்னார்.

அறுவடை மெஷின் ஓட்டி வந்தவர் வயலுக்குள் ஒரு சுற்றுப் போய்விட்டு இறங்கி வந்து, “இன்னா உரம் போட்டீங்கம்மா?” என்று கேட்டார். “கம்மியா போட்டோம்” என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். சின்னசாமி அண்ணனுக்கும் இந்த முறை நல்ல நெல். அவர் வயலுக்கும் அதே வைத்தியம்தான் செய்தோம்.

உரக்கடைக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அட்டையையும் சார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர் கையாலேயே பெருக்கச் சொன்னேன். பெருக்கிவிட்டு மறுபடியும் ஒரு முறை பெருக்கிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, சார்ட்டின் அடியில், ‘மி.கி. என்றால் 2¼ ஆல் பெருக்கவும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார். நல்ல மனுஷன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஊருக்குப் போனால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலேயே அட்டையோடு ஆட்கள் நிற்கிறார்கள். இதுவரை பதினேழு அட்டை படித்துச் சொல்லியிருக்கிறேன். எல்லாருக்கும் ஒரே மருந்து இல்லை. மல்லாட்டைக் கடலை போடுகிற ஒரு பெரியவருக்கு மணிச்சத்து நிஜமாகவே கம்மி. பெருக்கியும் ஒன்பதுதான் வந்தது. “நீங்க கட்டாயம் போடணும், விடாதீங்க” என்றேன். “பாஞ்சாலை டிஏபியே ஆகாதுன்னு சொல்லும்னு சொன்னாங்களே” என்று ஆச்சரியப்பட்டார். “அட்டை சொல்றதைத்தான் நான் சொல்லுவேன்” என்றேன். புரியாத அட்டையைச் சந்திரகலாவிடம் கொண்டுபோய்க் கேட்டு வருகிறேன்.

உங்கள் தாளைச் சின்னசாமி அண்ணன் வீட்டில் படித்தேன். தை முதல் வாரமே படித்துவிட்டேன், பதில் கேட்கத்தான் காத்திருந்தேன். நான் படித்தபோது தங்கம்மாள் கதவோரம் நின்று அழுதது. அவர் அழவில்லை. “யோசிச்சுச் சொல்றேன்” என்றார். நேற்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “நான் சொல்லச் சொல்ல எழுது. நீயா ஒண்ணும் சேக்காத” என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“திருமலை, நீ எழுதினதைக் கேட்டேன். மனசு ஆறிப்போச்சுன்னு சொன்னா அது பொய்யி. மழை நாள்ல கால் இன்னும் வலிக்குது. அதை நீ தெரிஞ்சுக்கணும். ஆனா அன்னிக்கு நான் சொன்னது ஒன் காதுல விழுந்துச்சுன்னு நீயே ஒத்துக்கினே பாரு, அது எனக்குப் போதும். நான் அப்படிச் சொன்னேன்னு ஒருத்தரும் நம்பல, என் பொண்டாட்டி தவிர. நெல்லு நல்லா வெளஞ்சுது. ஒன் பொண்டாட்டி கெட்டிக்காரி. ஆடியில நீ வெளிய வர்ற அன்னிக்கு நானும் வேலூருக்கு வரேன். தனியா பஸ் ஏறி வர வேணாம்.”

இவ்வளவுதான் சொன்னார். சேர்க்க எனக்கும் ஒன்றுமில்லை.

இன்னொரு சேதி. வருகிற பதினாறாம் தேதி, வெள்ளிக்கிழமை, கீழ்பென்னாத்தூரில் விவசாயிகள் கூட்டம். மேடையில் நின்று அட்டையை எப்படிப் படிப்பது என்று நான் சொல்ல வேண்டுமாம். மைக் பிடித்து நான் பேசியதே இல்லை. அபிநயா கண்ணாடி முன்னால் நிற்க வைத்துப் பேசிக் காட்டச் சொல்கிறாள். கெஸ்ட்ஹவுஸில் அன்றைக்கு லீவு சொல்லிவிட்டேன். நீலப் புடவையைத் தேய்க்கக் கொடுத்திருக்கிறேன்.

காலை பதினோரு மணிக்கு என் பெயரைக் கூப்பிடுவார்கள். அந்த நேரம் நீங்கள் தோட்டத்தில் இருப்பீர்கள். கடிதம் படிக்கிற சாரிடமும் சொல்லிவிடுங்கள். இரண்டு பேரும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
பாஞ்சாலை